ரைபோஃபிளேவின் (கண் மருத்துவத்தில்)

பால், முட்டை, ஈரல், கீரை ஆகியவற்றில் இயல்பாகவே உள்ள, நீரில் கரையும் மஞ்சள் நிற உயிர்ச்சத்து ரைபோஃபிளேவின். பி2 என்ற பெயரில் ஊட்டச்சத்து நூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் இப்பொருள், ஒளியை ஈர்த்து அருகிலுள்ள புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கவல்லது என்பதால், கருவிழி நோய்களுக்கான சிகிச்சைப் பொருளாகவும், உடலோடு இசைந்திருக்குமாறு ஆக்கப்படும் உயிர்மருத்துவப் பொருள்களை இறுகவைக்கும் துணைப்பொருளாகவும் ஆராயப்பட்டு வருகிறது.

இதன் மஞ்சள் நிறமியைப் பால் தெளிவிலிருந்து 1879-இல் பிரித்தவர் இங்கிலாந்து வேதியியலர் விண்டர் பிளைத். 1933-இல் ரிச்சர்ட் கூன் குழுவினர் அதை உயிர்ச்சத்தாக அடையாளம் கண்டனர். 1935-இல் கூனும் பவுல் காரரும் தனித்தனியே செயற்கையாக உருவாக்கினர். அடுத்த ஆண்டே நீலகிரியின் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வகத்தின் அய்க்ராய்டும் கிருஷ்ணனும், வாய்ப்புண்ணைப் பி2 குறைவோடு தொடர்புபடுத்தி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர்.

இப்பொருள் கண்ணில் செய்யும் வேலையை விளங்கிக்கொள்ள, கருவிழியின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தால் ஆனது என்பதையும், அவ்விழைகள் ஒரே சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதாலேயே அது கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது என்பதையும் அறிய வேண்டும். கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட கயிறு என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் வெளியிட்டது தமிழகத்தின் அறிவியல் வரலாற்றில் முதல் வரிசையில் வைக்கத்தக்க சாதனை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோலைப் பதனிடும்போது நிகழ்வதும் கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாவதே. அதே வகை வேலையை உயிருள்ள கண்ணில், தெளிவு கெடாமல், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செய்து முடிப்பதே ரைபோஃபிளேவின் சிகிச்சை எனலாம்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வோலன்சாக், ஷ்பர்ல், சைலர் ஆகியோர் இம்முறையை உருவாக்கி, கூம்புக் கருவிழி நோயாளிகளிடம் பெற்ற முதல் முடிவுகளை 2003-இல் வெளியிட்டனர். கருவிழி நலிந்து கூம்பாகப் புடைத்து, கண்ணாடி மாற்றியும் பார்வை தெளியாதிருக்கும் இந்நோய் பெரும்பாலும் இளவயதினரைத் தாக்குகிறது. ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பழக்கம் அதை விரைவுபடுத்துகிறது. சிகிச்சையில் முதலில் கருவிழியின் மேல்தோல் நீக்கப்படுகிறது, பிறகு 0.1 விழுக்காட்டு மஞ்சள் நிற ரைபோஃபிளேவின் கரைசல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சொட்டுச்சொட்டாக விடப்பட, கருவிழி முழுதும் அந்நிறத்தில் ஊறுகிறது. அதன்மேல் 370 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் 30 நிமிடம் பாய்ச்சப்படுகிறது. ஒளிபட்ட ரைபோஃபிளேவின் ஆக்சிஜனைக் கிளர்வுறச் செய்ய, அது இழைகளைப் பிணைக்கிறது. அதே நேரத்தில் ரைபோஃபிளேவின் கதிரின் பெரும்பங்கைத் தானே உறிஞ்சி, உள்ளேயுள்ள வில்லைக்கும் விழித்திரைக்கும் காவலாகவும் நிற்கிறது. கருவிழி 400 மைக்ரானுக்கும் மெலிந்திருந்தால் அக்காவல் போதாது என்பதால், வழக்கமான முறை அத்தகையோருக்குப் பயன்படுத்தப்படுவதில்லை. சிகிச்சையின் நோக்கம் நோய் மேலும் முற்றாமல் தடுப்பதே; இழந்த பார்வையை முழுமையாக மீட்பதன்று. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இல் இதற்கு ஒப்புதல் அளித்தது.

கிளர்வுற்ற ஆக்சிஜன் நுண்ணுயிர்களையும் கொல்லும் என்பதால், கருவிழிப் புண்ணுக்கும் இதே முறை உதவக்கூடும் என்ற நம்பிக்கை எழுந்தது. அதை நெருங்கிச் சோதித்துப் பார்க்கும் கடமை தமிழகத்துக்கு மிகுதியாகவே இருந்தது. வடலூர், நெய்வேலி வட்டாரம் போன்ற நெல்லும் கரும்பும் விளையும் பகுதிகளில், கதிரடிக்கும்போது தெறிக்கும் உமியும் கரும்புத் தோகையின் கீறலும் பூஞ்சையைக் கண்ணுக்குள் கொண்டுசேர்க்க வல்லவை. முறையான சிகிச்சைக்கு முன் தாய்ப்பாலோ எண்ணெயோ விட்டு நாள் கடத்திவிட்டால், கண்ணில் பூ விழுந்து பார்வை நிலையாகக் கெடுகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், மருந்துக்கு அடங்காத ஆழமான பூஞ்சைப் புண்களில் செய்யப்பட்ட சோதனை, ஒளிச்சிகிச்சை பெற்ற கண்களில் கருவிழி துளைபடுவது அதிகமானதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு, அம்முடிவு 2015-இல் வெளியானது. வெங்கடேஷ் பிரஜ்னா தலைமையில் 111 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்விலும், சொட்டு மருந்தோடு ஒளிச்சிகிச்சையைச் சேர்த்ததால் பூஞ்சை கூடுதலாக அழியவில்லை, பார்வைதான் குறைந்தது. ஒரு சிகிச்சை பயன்படாது என்பதை இவ்வளவு தெளிவாக நிறுவியதை, புதிய சிகிச்சை ஒன்றைக் கண்டதற்கு இணையாகவே மதிக்க வேண்டும். பிற நாடுகளின் கருவிழி மருத்துவர்களுக்கும் இம்முடிவு வழிகாட்டுகிறது.

எனவே பூஞ்சைப் புண்ணுக்கு 5 விழுக்காட்டு நாட்டமைசின் சொட்டு மருந்தே முதன்மையாக நீடிக்கிறது. அதன் மூலக்கூறு பெரிதாகையால் கருவிழிக்குள் எளிதில் இறங்குவதில்லை. கண்ணீரும் சில நிமிடங்களில் மருந்தைக் கழுவிவிடுகிறது. கருவிழியின் மேல்தோல் ரைபோஃபிளேவினையும் உள்ளே விடாததால்தான் அத்தோலைச் சுரண்டும் வலி நோயாளிக்கு நேர்கிறது. மெல்லிய மின்னோட்டத்தால் மருந்தை உட்செலுத்தித் தோலைக் காப்பாற்றும் முறைகள் இதற்காகவே முயலப்படுகின்றன. ரைபோஃபிளேவினும் ஒளியும் சேர்ந்து கொலாஜன் கரைசலை மென்கூழாக உறையவைப்பதால், மருந்தைத் தன்னுள் தேக்கிச் சிறுகச் சிறுக வெளிவிடும் கூழ்களும், கிழிந்த கருவிழியை ஒட்டும் பசைகளும் ஆய்வுக்கூடங்களில் உருவாக்கப்படுகின்றன. இவற்றுள் ஒன்றேனும் நடைமுறைக்கு வரும்வரை, வயலில் கண்ணைக் கீறிக்கொண்டு வந்தவர் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை சொட்டு விட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.