ஒரு வள்ளம், ஒரு தூண்டில்: நம்ம ஆற்றின் பழைய கதை

போன மாதம் என் மருமகள் ஒரு கேள்வியோடு வந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூட நண்பர்களோடு கங்காரு வலியில் மூன்று நாள் கனூப் பயணம் போகிறாள். 'டியூக் ஆஃப் எட்' செய்தவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். கனூவில் கூடாரம், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு மிஞ்சுகிற இடம் ஒரு கை அகலம்தான்.

"மாமா, ஒரே ஒரு ரொட், ஒரே ஒரு ரீல்தான் கொண்டுபோகலாம். எல்லா மீனுக்கும் சரிவர எதை வாங்கட்டும்?"

கடைக்காரர் யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வரும். நானும் அதையே சொன்னேன். இரண்டு மீட்டர் அளவில், இரண்டு துண்டாகக் கழற்றக்கூடிய ஒரு ஸ்பின்னிங் தடி. அதற்கு 2500 அளவு ரீல். மூன்று, நான்கு கிலோ இழுவை தாங்கும் நூல். தடி இதைவிட நீண்டால் கரையோர மரக்கிளையில் மாட்டும். இதைவிடக் குட்டையானால், மீன் கனூவின் மூக்கைச் சுற்றி ஓடும்போது நூலை மறுபக்கம் கொண்டுபோக முடியாது. தடியை ஒரு சிறு கயிற்றால் கனூவோடு கட்டிவை. கனூ கவிழ்ந்தால் முதலில் தொலைவது தடிதான்.

அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் கேள்வி போகவில்லை. சின்ன வள்ளம் ஒன்று, கையில் ஒரே ஒரு கருவி, வயிற்றுக்கு மீன் வேண்டும். இந்த நிலையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்கள் என்ன தெரிவு செய்தார்கள்? தேடிப் பார்த்தபோது, அதில் முக்கியமான ஒரு கதை எங்கள் வெஸ்ட்மீட் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

அந்த 2500 ரீல் எங்கிருந்து வந்தது?

சீனாவில் மா யுவான் என்ற ஓவியர் சுமார் 1195ஆம் ஆண்டில் வரைந்ததாகச் சொல்லப்படும் ஓர் ஓவியம் இருக்கிறது. பெரிய வெறுமையான ஏரி. நடுவில் ஒரு குட்டி வள்ளம். அதில் குனிந்தபடி ஒருவர். அவர் கையில் தடி, தடியில் ஒரு சின்னச் சில்லு. ரீலைக் காட்டும் மிகப் பழைய படங்களில் இது ஒன்று. என் மருமகளின் பயணத்தை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் வரைந்துவிட்டார்!

ஆனால் அந்தச் சில்லில் ஒரு சிக்கல் உண்டு. நூலை வீசும்போது சில்லும் சேர்ந்து சுழலும். நூல் போகும் வேகத்தைவிடச் சில்லு வேகமாகச் சுழன்றால் எல்லாம் குருவிக்கூடு மாதிரிச் சிக்கிவிடும். பாரம் குறைந்த இரையைத் தூர வீசுவது மிகவும் கடினம்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த். அது நெசவாலைகள் நிறைந்த ஊர். ஆலையில் நூல்கண்டு அசையாமல் நிற்கும். நூல் அதன் நுனி வழியாக உருவிக்கொண்டு போகும். இதையே ரீலில் செய்தால் என்ன? 1905இல் அவர் அதற்குக் காப்புரிமை எடுத்தார். இன்று நாம் வாங்கும் ஸ்பின்னிங் ரீல் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். இங்கே பழைய ஆட்கள் அதை 'எக் பீட்டர்' என்பார்கள். முட்டை அடிக்கிற கருவி மாதிரி இருக்கிறதாம்.

ஆஸ்திரேலியாவுக்கும் சொந்தமாக ஒரு விடை இருந்தது. குயின்ஸ்லாந்தில் சார்ல்ஸ் ஆல்வி என்பவர் 1920இல் தொடங்கிய நிறுவனத்தின் ரீலில், வீசும்போது சில்லைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். மணலும் உப்புத்தண்ணீரும் பட்டாலும் தாங்கும். ஒரு தலைமுறை ஆஸ்திரேலியர்களுக்கு 'ரீல்' என்றாலே ஆல்விதான்.

பிறகு 1930களின் கடைசியில் நைலோன் வந்தது. எங்கள் அப்பா அதைத் 'தங்கூசி' என்றுதான் சொல்வார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணாடியிழைத் தடி, 1970களில் கார்பன் தடி. இவை எல்லாம் சேர்ந்துதான், இருந்த இடத்திலிருந்தே சில கிராம் இரையைத் தூர வீச முடிகிறது. ஒரே தடி பல வேலைக்கு என்பது இவ்வளவு பேருடைய உழைப்பு.

தடியே இல்லாத வள்ளம்

இப்போது நம்ம ஆற்றுக்கு வருவோம். டூங்காபி ஓடையும் டார்லிங் மில்ஸ் ஓடையும் சேருமிடத்தில்தான் பரமட்டா ஆறு பிறக்கிறது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிப் பக்கம் இருப்பவர்கள் நடந்தே போய்ப் பார்க்கலாம். இந்த இடத்தின் மக்கள் புரமட்டகல். அவர்களுடைய பெயரிலிருந்துதான் 'பரமட்டா' வந்தது. விலாங்கு மீனோடு சேர்ந்த பெயர் என்பார்கள். நம்ம ரக்பி அணிக்கு 'ஈல்ஸ்' என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

1788இல் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்தபோது, துறைமுகம் முழுக்கச் சின்னச் சின்ன வள்ளங்கள் இருந்தன. அவற்றுக்கு 'நவி' என்று பெயர். ஒரு மரத்தின் பட்டையை ஒரே துண்டாக உரித்து, நெருப்பில் காட்டி வளைத்து, இரு முனைகளையும் மடித்துக் கட்டினால் நவி. நடுவில் களிமண் பரப்பி, அதில் சின்ன நெருப்பு எரியும். பிடித்த மீனை அங்கேயே சுடலாம்.

அந்த வள்ளங்களில் மீன் பிடித்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மடியில் குழந்தையோடு, பாட்டுப் பாடிக்கொண்டே பிடிப்பார்கள் என்று அன்றைய ஆங்கில அதிகாரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் தடி இல்லை. மரப்பட்டை நாரை முறுக்கிய ஒரு நூல், அதன் முனையில் சங்குச் சிப்பியைத் தேய்த்து வளைத்த ஒரு கொக்கி. சிப்பிச் சதையை மென்று தண்ணீரில் துப்பினால் மீன் கூடும். ஆண்கள் பெரும்பாலும் பல முனை கொண்ட ஈட்டியால் குத்திப் பிடிப்பார்கள்.

ஏன் தடி இல்லை? இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் பிறந்தது யாழ்ப்பாணக் கடலோரம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இங்கே ஒரு பாலத்தடியில் என்னை மீன்பிடிக்கக் கூட்டிப்போவார். மற்றவர்களிடம் பளபளக்கும் தடிகள் இருக்கும். அப்பாவிடம் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் சுற்றிய தங்கூசியும் ஓர் ஈயக்குண்டும் மட்டும். எனக்கு வெட்கமாக இருக்கும். "எங்களுக்கு ஒரு தடி வாங்கேலாதா அப்பா?" என்று கேட்டேன்.

"தடி கரையில நிக்கிறவனுக்கு. வள்ளத்தில இருக்கிறவன் ஏற்கனவே மீனுக்கு மேலதானே இருக்கிறான்" என்றார். நூலை என் ஆள்காட்டி விரலில் போட்டு, "விரல்தான் ரொட். அது சொல்லும்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். தடியின் முதல் வேலை தூரத்தைக் கடப்பது. வள்ளமே உங்களை அந்தத் தூரம் கொண்டுபோய்விட்டால், நேரே கீழே இறக்குவதற்கு ஒரு நூலும் முள்ளும் போதும். துறைமுகத்துப் பெண்களும் யாழ்ப்பாணத்து மீனவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இருந்தும் ஒரே விடைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய கருவி வள்ளம்தான். தூண்டில் அதற்குத் துணை. நம்ம 'கட்டுமரம்' என்ற சொல் 'கேட்டமரன்' ஆகி ஆங்கிலத்துக்குப் போனதும் சும்மா இல்லை. சோழமண்டலக் கரையில் அதைப் பார்த்த வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் அதைப் பற்றி எழுதினார்.

பலூடெரியின் வள்ளம்

வள்ளம்தான் பெரிய கருவி என்றால், அதை உடைத்தால் என்ன ஆகும்? அதற்கும் இந்த ஆற்றிலேயே விடை இருக்கிறது.

பலூடெரி ஒரு புரமட்டகல் இளைஞர். அவருடைய பெயர் 'லெதர்ஜாக்கெட்' மீனின் பெயர். 1791 ஏப்ரலில் ஆளுநர் ஆர்தர் பிலிப் உள்நாட்டைப் பார்க்கப் போனபோது கூடப் போனவர்களில் இவரும் ஒருவர். அந்த ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, அதுவரை 'ரோஸ் ஹில்' என்று ஆங்கிலேயர் அழைத்த குடியிருப்புக்கு 'பரமட்டா' என்று பிலிப் பெயர் மாற்றினார். அந்த நாட்களில் பலூடெரியும் அவருடைய ஆட்களும் பிடித்த மீனை அங்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். பதிலுக்கு ரொட்டியோ உப்பிட்ட இறைச்சியோ வாங்கிப்போனார்கள். குடியேறியவர்களுக்கு அப்போது நல்ல சாப்பாடே அரிது. அந்தப் பக்கத்தில் இரு தரப்புக்கும் லாபமான ஒரு சின்னச் சந்தை அது.

ஒருநாள் பலூடெரி தன் வள்ளத்தைக் குடியிருப்புக்குச் சற்றுத் தள்ளி, பத்திரமான இடம் என்று நம்பி, விட்டுவிட்டு வந்தார். கைதிகள் சிலர் அதைக் கண்டுபிடித்து அழித்துவிட்டார்கள். காரணம் எதுவும் இல்லை.

அவர் உடம்பில் சிவப்புப் பூசிக்கொண்டு ஆளுநரிடம் வந்து, இதற்குப் பழிவாங்குவேன் என்றார். பிலிப் குற்றவாளிகளைப் பிடித்துத் தண்டித்தார். ஆனால் பலூடெரியின் சட்டப்படி, இழப்புக்கு ஈடு வாங்க வேண்டியவர் அவர்தான். சில நாட்களில் அவர் ஒரு கைதியை ஈட்டியால் குத்திக் காயப்படுத்தினார். உடனே பிலிப் அவரைக் குடியிருப்புப் பக்கமே வரக்கூடாது என்று தடை செய்தார். மீன் சந்தையும் அதோடு நின்றுபோனது.

அந்த ஆண்டு டிசம்பரில் பலூடெரி கடும் நோயில் விழுந்தார். பிலிப் அவரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார், பிழைக்கவில்லை. சிட்னியில் ஆளுநரின் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். உடலை வைத்தது ஒரு வள்ளத்தில். அளவுக்கு வெட்டிய அந்த வள்ளத்தில் அவரோடு ஓர் ஈட்டி, ஈட்டி எறியும் கோல், மீன் குத்தும் ஈட்டி, அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிறு ஆகியவற்றையும் வைத்தார்கள். ஒரு மனிதன் வள்ளத்தில் எதைக் கொண்டுபோவான் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் வாசித்ததில்லை.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். போர்க் காலத்தில் வடக்கில் கடலுக்குப் போகும் நேரத்துக்குக் கட்டுப்பாடு, தூரத்துக்குக் கட்டுப்பாடு, எஞ்சினின் வலுவுக்குக் கட்டுப்பாடு. சில காலம் போகவே தடை. "வள்ளம் கரையில கிடந்து வெடிச்சுப் போச்சு" என்று மட்டும் சொன்னார். முள்ளும் தங்கூசியும் அவர்களிடம் இருந்தன. கடல்தான் இருக்கவில்லை.

இன்றைய ஆறு

இன்று பரமட்டா ஆற்றில் மீன் பிடிக்க யாரும் உங்கள் கனூவை உடைக்க மாட்டார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் மீன்பிடிக் கட்டணமும் இல்லை. ஆனால் பிடித்ததைச் சாப்பிட முடியாது. ரோட்ஸில், ஹோம்புஷ் குடாவின் கரையில் இருந்த இரசாயன ஆலைகளிலிருந்து வந்த டையாக்சின் நஞ்சு ஆற்றின் அடிச்சேற்றில் படிந்துவிட்டது. 2006இல் சிட்னி துறைமுகத்தில் வணிக மீன்பிடியை நிறுத்தினார்கள். ஹார்பர் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் எந்த மீனையும் சாப்பிட வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. நம்ம பக்கம் முழுக்க பாலத்துக்கு மேற்கேதான். பிடித்தால் திருப்பி விட்டுவிடுங்கள்.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒரு சிப்பிக் கொக்கியால் குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆறு இது. அந்தக் கொக்கியைவிட எவ்வளவோ நல்ல கருவி நம்ம கையில் இருக்கிறது. ஆறுதான் அப்படியே இல்லை.

மருமகள் கடைசியில் இரண்டு மீட்டர் தடியும் 2500 ரீலும் வாங்கினாள். நல்ல தெரிவு. புறப்படும் நாள் காலையில் அப்பா அவளுடைய பையில் இன்னொன்றையும் வைத்தார்: போத்தலில் சுற்றிய தங்கூசி, ஒரு முள், ஓர் ஈயக்குண்டு.

"தாத்தா, ஒன்றுதான் கொண்டுபோகலாம்" என்றாள் அவள்.

"இது பாரமில்லை, பிள்ளை" என்றார் அப்பா.

மூன்று நாள் கழித்து வந்தவள், தடியில் ஒரு மீனும் படவில்லை என்றாள். கனூ நின்ற இடத்திலேயே தங்கூசியை இறக்கியபோது ஒன்று தொட்டதாம். "விரலில் தெரிந்தது மாமா" என்றாள். மீனைத் திருப்பி விட்டுவிட்டாளாம்.