காரைக்கால் சேதியும் துபாஷியின் சாய்வும்

1739 பிப்ரவரி 14ஆம் தேதி காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பணவுதவிக்கு ஈடாக ஊரைத் தருவதாக முந்தைய ஆண்டே தஞ்சை மன்னர் சாயாஜி புதுச்சேரி ஆளுநர் துய்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தார். இழந்திருந்த அரியணை திரும்பக் கிடைத்ததும் பின்வாங்கினார். ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் படை தலையிட்ட பிறகே ஊர் கைமாறியது. அந்தக் காலத்து நிகழ்வுகளைத் தமிழில் எழுதிவைத்தவர் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை நீளும் அவருடைய நாட்குறிப்பை ஓர் அரசியல் செய்தியாளரின் ஏடாகவே நான் படிக்கிறேன். ஆகவே, எந்தச் செய்தியாளரிடமும் கேட்க வேண்டியதை அவரிடமும் கேட்டாக வேண்டும்: இவர் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அவர் நடுநிலையாளர் அல்லர். பிரெஞ்சுக்காரரின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடையாளருமாக, இருந்த கனகராய முதலியார் அவருக்குப் போட்டியாளர். முதலியார் 1746இல் இறந்த பின்னரே அந்தப் பதவி பிள்ளைக்குக் கிடைத்தது. துய்மாவுக்குப் பின் ஆளுநரான துய்ப்ளேயின் மனைவி மீதும் பிள்ளைக்குக் கடும் வெறுப்பு. சாய்வு உள்ளவர் எழுதியதைத் தள்ளிவிட வேண்டியதுதானே என்பார்கள். அப்படித் தள்ளினால் அரசியலைப் பற்றி எழுதிய எவருமே மிஞ்ச மாட்டார்கள். பிள்ளை தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை போட்டு எழுதினார். தாம் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பல இடங்களில் பிரித்துக் காட்டினார். காரைக்கால் புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அங்கு நடந்தவை கப்பலிலும் கடிதத்திலும் ஆள் வாயிலும்தான் அவரை எட்டின. சேதி தப்பினால் வணிகருக்குக் கைமுதல் போகும். எனவே எந்தக் கப்பல் வந்தது, எந்தப் படை எங்கே நிற்கிறது என்பதில் அவருடைய சொந்த நலனே அவரைக் கவனமாக இருக்கவைத்தது. இன்னார் ஏன் அப்படிச் செய்தார் என்று சொல்லப் புகும்போது அந்தக் காவல் கிடையாது. பகை புகுவது அங்கேதான்.

யாருக்கும் காட்டாமல் எழுதியதில் பொய்க்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். மனிதன் தனக்குத்தானேயும் நியாயம் சொல்லிக்கொள்வான். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அப்போது தலைமைத் துபாஷி பிள்ளைதான். இடிப்புக்குத் துய்ப்ளேயின் மனைவியை அவர் பொறுப்பாக்கும் இடத்தில், ஊராரின் பழி தம்மீது விழக்கூடிய நிலையில் இருந்தவர் எழுதுகிறார் என்பதை மறக்கலாகாது. கோயில் இடிந்தது உண்மை. பழியை அவர் பங்கிட்ட விதம் ஒரு கட்சியின் வாக்குமூலம்.

ஆகவே காரைக்கால் கைமாறிய கதையில் நாளுக்கும் நடப்புக்கும் பிள்ளை நல்ல சாட்சி. சாயாஜியும் துய்மாவும் உள்ளூர நினைத்தது என்ன என்று தேடுபவர், பிரெஞ்சுக் கம்பெனியின் கடிதங்களையும் தஞ்சைத் தரப்பு ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவரைப் படிக்க வேண்டும்.