காவிரிக் கரைக்கு ஒரு விடுமுறை

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்கி, ஊர் மணத்தை நாம் ஓரளவு காத்து வருகிறோம். ஆயினும் இங்கே பிறந்த நம் மக்களுக்குக் காவிரி பாடநூற் சொல்லாகவே நிற்கிறது. அக்குறை தீர, விடுமுறைப் பயணச் சலுகையில் ஒருமுறை திருச்சிராப்பள்ளிக்குச் செல்வோமாக.

சங்ககாலச் சோழர் தலைநகராம் உறையூர் இன்று அந்நகரின் ஒரு பகுதி. மலைக்கோட்டையில் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் உண்டு. உச்சியில் நின்றால், காவிரியும் கொள்ளிடமும் திருவரங்கத்தைத் தழுவியிருப்பது தெரியும்.

அவை பிரியும் முக்கொம்பில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகள் 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தில் சரிந்தன. பின்னர்ப் புதிய கதவணை எழுந்தது. கிழக்கே, கரிகாலன் கட்டியதெனப் போற்றப்படும் கல்லணை, பிற்காலத்தே திருத்தப்பெற்று, இன்றும் நீரைப் பங்கிடுகிறது. நீரை ஆளக் கற்றவரின் வரலாற்றை ஒருநாட் பயணத்தில் கண்டுவிடலாம்.

மே மாதத்தில் சென்றால் பெரும்பாலும் மணலையே காண்போம். நீர் இருக்கும் ஆண்டுகளில் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படுவது மரபு. தில்லிப் பள்ளிகள் ஜூலையில் திறப்பதால், ஜூன் பிற்பாதியே நமக்கு ஏற்றது. புதுப்புனல் வருகையில் நம் மக்கள் கரையில் நிற்கட்டும். ஆறு சொல்லித் தெரிவதன்று.