கறுப்பு அழுகல் நோய் (காப்பி)

தென்மேற்குப் பருவமழை கொட்டும் குடகு, சிக்கமகளூரு, வயநாடு காப்பித் தோட்டங்களைத் தாக்கும் பூஞ்சை நோய். இலைகளும் பிஞ்சுகளும் கறுத்து அழுகும். காம்பு விட்ட இலை கீழே விழாமல் பூஞ்சை இழையில் தொங்குவதே இதன் தெளிவான அடையாளம். விடாத மழையும் மூடுபனியும் அடர்நிழலும் சேர்ந்தால் வேகமாகப் பரவும்.

மழைக்கு முன்பே நிழல் மரங்களைக் கவாத்து செய்து, செடியின் நடுவே காற்றோட்டம் கிடைக்கச் செய்ய வேண்டும். பிறகு 1 சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 100 லிட்டர்) இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். கலவையில் இரும்புக் கத்தியை நனைத்துப் பார்ப்பது மிக அவசியம்: கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே தெளித்தால் இலை கருகும். நோய் கண்ட பகுதிகளை வெட்டி அழிக்க வேண்டும். ஆண்டுதோறும் நோய் தலைகாட்டும் ஈரப் பள்ளங்களுக்கே முதல் தெளிப்பு.