பூனைக்கு ஒரு தொட்டி மண்

கீரை விதைக்கலாம் என்று பாத்தியைக் கொத்தி, கல் பொறுக்கி, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி வைத்தால், விடிவதற்குள் பூனை வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போயிருக்கும். முன்னங்காலால் ஒரு குழி, கழித்ததும் திரும்பி நின்று மோந்து பார்த்தபடி நாலு தள்ளு. விதைத்த வரிசை போன இடம் தெரியாது.

இதைக் குறும்பு என்று சொல்வது பூனைக்குச் செய்யும் அநியாயம். வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்காசியாப் பக்கத்து வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. உழவர்கள் தானியம் சேர்த்தார்கள், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. பயிருக்காக இளக்கிய மண் தோண்டிப் புதைக்கிற இந்தப் பிராணிக்கும் தோதாக அமைந்துவிட்டது. பாத்திக்கான சண்டையும் ஏறக்குறைய அந்தக் காலத்துச் சண்டையாகத்தான் இருக்கவேண்டும்.

வீட்டோடு பூனை வளர்த்த அமெரிக்கர்கள் வெகுகாலம் பூனையின் கழிவுக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ராத்திரி கதவைத் திறந்து வெளியே விட்டார்கள். பக்கத்து வீட்டுத் தோட்டம் பார்த்துக்கொண்டது. பனிக்காலத்தில் மட்டும் ஒரு தட்டில் மணலோ, கிழித்த செய்தித்தாளோ, அடுப்புச் சாம்பலோ போட்டு மூலையில் வைப்பது வழக்கம். நாற்றத்தை எதுவும் அடக்கவில்லை.

1947 ஜனவரி. மிச்சிகன் மாநிலத்துச் சிற்றூரான காசோபோலிஸில், கடற்படையிலிருந்து திரும்பிய எட்வர்ட் லோ என்ற இளைஞர் அப்பாவின் வியாபாரத்தில் கூட இருந்தார். பட்டறைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்ச மரத்தூளும் களிமண் குறுணையும் விற்கிற வியாபாரம். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து கொஞ்சம் மணல் கேட்டார். அவர் வீட்டு மணற்குவியல் உறைந்துபோயிருந்தது; சாம்பலைப் போட்டதில் வீடெங்கும் கரும்பாதச் சுவடு. லோ மணலுக்குப் பதிலாகக் களிமண் குறுணையைக் கொடுத்தார். நம் ஊரில் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி இருக்கிறதே, அதே வகை மண். கோழிப்பண்ணைக்காரர்களிடம் கூட்டில் பரப்பச் சொல்லி முன்பே விற்றுப் பார்த்து, போணியாகாத சரக்கு அது.

அந்த அம்மாள் திரும்ப வந்து இன்னும் கேட்டார். லோ பத்துப் பைகளில் ஐந்தைந்து பவுண்டு நிரப்பி, 'கிட்டி லிட்டர்' என்று எழுதிக் கடைக்கு எடுத்துப்போனார். பை 65 சென்ட். மணல் சல்லிக்காசுக்குக் கிடைக்கும்போது இதை யார் வாங்குவார் என்றார் கடைக்காரர். சும்மாவே கொடுங்கள் என்றார் லோ. வாங்கிப்போனவர்கள் அடுத்த தடவை காசோடு வந்தார்கள். கதையைச் சொன்னவர் லோவே என்பதால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். கைதேர்ந்த வியாபாரி அவர். ஆனால் அவர் பட்ட பாடு உண்மை. பூனைக் கண்காட்சிகளில் கடைபோட இடம் கேட்டு, அதற்கு ஈடாக அங்கிருந்த பூனைத் தொட்டிகளைச் சுத்தம் செய்து கொடுத்தார். 1964இல் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கென்று 'டைடி கேட்' என்ற பெயரில் சரக்கு வந்தது. 1990இல் அவர் தொழிலை விற்றபோது அது கோடிக்கணக்கான டாலர் வியாபாரம்.

வெகுகாலம் நாற்றம் மட்டுமே பிரச்சினையாக இருந்தது; நோய் பயம் பிறகுதான் வந்தது. 1908இல் துனிஸ் நகரில் ஒரு கொறிவிலங்கின் உடலில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைக் கண்டிருந்தார்கள். அது எப்படிப் பரவுகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1960களில் கிளாஸ்கோவில் வில்லியம் ஹட்சிசன் செய்த ஆய்வு பூனையின் மலத்தைச் சுட்டிக்காட்டியது. 1970 வாக்கில் முழுச் சுழற்சியும் தெளிவானது. கர்ப்பிணிகளின் வயிற்றுச் சிசுவுக்கு இது ஆபத்து. மலத்தோடு வெளிவரும் முட்டையுறை தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். எனவே தொட்டியைத் தினமும் சுத்தம் செய்தால் பாதி பயம் போச்சு. ஈரமண்ணில் கிடந்தாலோ ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். தோட்ட வேலைக்குக் கையுறை போடு, கீரையை நன்றாகக் கழுவு என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

1980களில் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர் பூனைத் தொட்டிக்குப் பென்டோனைட் களிமண்ணைப் பயன்படுத்தினார். ஈரம் பட்டதும் உப்பிக் கட்டியாகும் மண். கட்டியை மட்டும் கரண்டியால் அள்ளிப் போட்டால் போதும். தினசரி வேலை சுலபமானது. டப்பா உணவு, கருத்தடை இவற்றோடு இந்தத் தொட்டியும் சேர்ந்துதான் அமெரிக்கப் பூனையை முழுநேரமும் வீட்டுக்குள் இருக்க வைத்தது.

பிரிட்டனில் கதையே வேறு. அங்கே பூனை வெளியே திரிவது இயல்பு என்றே இன்றும் பலர் நினைக்கிறார்கள். தோட்டக்காரர்கள் பாத்திமேல் கம்பிவலை விரிக்கிறார்கள், முள் கிளைகளைப் பரப்புகிறார்கள், மண்ணை ஈரமாகவே வைக்கிறார்கள். சிங்கத்தின் சாணத்திலிருந்து செய்த உருண்டைகள்கூட ஒரு காலத்தில் கடைகளில் விற்றன. விரட்டுவதைவிட, ஒதுக்குப்புறத்தில் காய்ந்த மணலை இளக்கிப் பூனைக்கென்று ஓர் இடம் விடுவது மேல். பூனைக்கு வேண்டியது பாத்தியல்ல, தோண்டச் சுலபமான மண்.

களிமண் மக்காது, அதனால் இப்போது மரத்துகள், மக்காச்சோளம், காகிதத் தூளில் செய்த சரக்கும் வருகிறது. அவற்றை உரக்குழியில் போடலாம் என்று பையிலேயே அச்சடித்திருப்பார்கள். வீட்டு உரக்குழி ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்குச் சூடாகும் என்று நம்ப முடியாது. அந்த உரத்தைப் பூச்செடிக்கு வேண்டுமானால் போடலாம், கீரைப்பாத்திக்கு வேண்டாம்.