முன்னுரையில் ஒரு பெயர்

அரபு மொழி படிக்கும் ஐரோப்பியர்களிடம் 'வேர்' என்றாலே போதும், ஹான்ஸ் வேர் தொகுத்த அகராதி என்று புரிந்துகொள்வார்கள். நம் காதுக்கு மரத்தின் வேர்தான் நினைவுக்கு வரும். அதுவும் பொருத்தமே. அந்த அகராதியில் பெரும்பாலும் மூன்றெழுத்து வேரைக் கண்டுபிடித்துத்தான் சொல்லைத் தேட வேண்டும்.

1952-இல் ஜெர்மன் மொழியில் வந்த அதன் முன்னுரையில், உதவியவர்கள் வரிசையில் டாக்டர் கிளைன் என்ற பெண்ணின் பெயரும் உண்டு. அவர் என்ன ஆனார் என்று ஒரு வார்த்தை இல்லை.

ஹெட்விக் கிளைன் யூதப் பெண். 1911-இல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்து ஹாம்பர்க்கில் வளர்ந்தவர். தகப்பனார் முதல் உலகப்போரில் மாண்டார். மகள் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் செமிட்டிக் மொழிகள் படித்து, ஓமானின் பழைய வரலாறு கூறும் அரபுக் கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்தார். யூதர்களுக்குக் கதவு மூடிக்கொண்டிருந்த காலம். தகப்பனார் போரில் இறந்தவர் என்பதால் 1937-இல் தேர்வெழுத விட்டார்கள். பேராசிரியர்கள் மெச்சினார்கள். பட்டம் மட்டும் தரவில்லை.

புவியியல் அறிஞர் கார்ல் ராத்யென்ஸ் முயற்சியால் இந்தியா வர விசா கிடைத்தது. 1939 ஆகஸ்டில் பம்பாய்க்குக் கப்பல் ஏறினார். கப்பல் அவர் பிறந்த ஆன்ட்வெர்ப்பைத் தொட்டபோது, ஜெர்மன் கப்பல்களெல்லாம் ஊர் திரும்ப உத்தரவு வந்தது. சில நாளில் போர் மூண்டது. இன்னும் முன்னால் கிளம்பியிருந்தால் நம் நாட்டில் இறங்கியிருப்பார்!

பிறகுதான் பேராசிரியர் ஷாடே அவரை அகராதி வேலையில் சேர்த்துவிட்டார். நவீன அரபு நூல்களைப் படித்து, சொல்லையும் பொருளையும் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். சீட்டுக்குப் பத்து பென்னிங் கூலி. அந்த அகராதி நாஜி அரசுக்கும் தேவைப்பட்டது என்பதுதான் கொடுமை. வேலை அருமை என்றார்கள்; ஆனால் பின்னால் இவர் பெயரைப் போட முடியாது என்பதும் அப்போதே பேசப்பட்டது.

அகராதியைச் சொல்லி ஷாடே ஒருமுறை அவரை நாடுகடத்தலிலிருந்து காப்பாற்றினார். அடுத்த முறை முடியவில்லை. 1942 ஜூலை 11 அன்று ஹாம்பர்க்கிலிருந்து ஆஷ்விட்ஸுக்குப் போன ரயிலில் ஏற்றினார்கள். வயது 31.

போர் முடிந்தபின் ராத்யென்ஸ் விடவில்லை. ஆய்வேட்டை அச்சிட வைத்தார். 1947-இல் பல்கலைக்கழகம் இறந்தவருக்குப் பட்டம் அறிவித்தது. முன்னுரையில் அவர் பெயருக்கு முன் 'டாக்டர்' போட வழி பிறந்தது அப்படித்தான். கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம், வேர் எழுதவில்லை.