இசைத் தயாரிப்பு மென்பொருள்களின் தேர்வும் இணைப்பும்: ஒரு வரலாறு

இசைத் தயாரிப்பு மென்பொருள் என்பது கணினியில் இசையைப் பதிவு செய்யவும், திருத்தவும், தடங்களைக் கலக்கவும் உதவும் நிரலாகும். இதனை எண்ணிம ஒலிப் பணிநிலையம் என்றும் அழைப்பர். கியூபேஸ், லாஜிக், புரோ டூல்ஸ், எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், ரீசன், ரீப்பர் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது புதிதாக இசைத் தயாரிப்பைக் கற்போர் அனைவரும் எழுப்பும் கேள்வி. ஆனால் கடந்த 40 ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், இசைக் கலைஞர்கள் பெரும்பாலும் ஒரே மென்பொருளோடு நின்றுவிடவில்லை. ஒன்றில் இல்லாததை மற்றொன்றில் பெற்று, இரண்டையும் இணைத்தே வேலை செய்துள்ளனர். அவ்வாறு இணைப்பதற்காக உருவான பொதுத் தரநிலைகள், பல மென்பொருள்கள் மறைந்த பின்னரும் நிலைத்துள்ளன.

மிடி: முதல் பொதுமொழி

1980களின் தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் சிந்தசைசரும் தனித்தனி முறையில் இயங்கியது. ஒரு நிறுவனத்தின் கருவியை மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு இணைப்பது கடினமாக இருந்தது. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் ஸ்மித்தும், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இகுதாரோ ககெஹாஷியும் இதற்கு ஒரு பொதுமுறை வேண்டும் என்று முனைந்தனர். அதன் விளைவே மிடி. 1983ஆம் ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், ஸ்மித்தின் புராஃபெட்-600 கருவியும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 கருவியும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்றில் வாசித்த சுரம் மற்றொன்றிலும் ஒலித்தது. இப்பணிக்காக 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடி ஒலியைச் சுமந்து செல்வதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தத்தில், எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்ற கட்டளைகளை மட்டுமே அனுப்புகிறது. சுரங்களை எழுதி வைத்த தாளுக்கும் பாடிப் பதிவு செய்த ஒலிநாடாவுக்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது இது. தாளில் எழுதியதை எந்தக் கருவியிலும் வாசிக்கலாம். அவ்வாறே மிடியில் பதிந்ததை எந்தக் கருவிக்கும் அனுப்பலாம்.

இரண்டு மரபுகள்

இன்றைய மென்பொருள்கள் இரண்டு வேறுபட்ட மரபுகளிலிருந்து வந்தவை.

முதலாவது, சீக்குவென்சர் எனப்படும் வரிசைப்படுத்தும் நிரல்களின் மரபு. இவை மிடி கட்டளைகளைப் பதிந்து, திருத்தி, மீண்டும் இயக்கின. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஸ்டைன்பெர்க், மான்ஃபிரெட் ரூரப் ஆகியோர் 1984இல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தைத் தொடங்கினர். 1985இல் வெளிவந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி இணைப்புத் துளைகள் உடன்பிறந்தவையாகவே இருந்ததால் அது இசைக் கலைஞர்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றது. அக்கணினிக்காக 1989இல் ஸ்டைன்பெர்க் வெளியிட்டதே கியூபேஸ். அதே கணினியில் அதற்குப் போட்டியாக இருந்தது சி-லேப் நிறுவனத்தின் நொட்டேட்டர். அதை உருவாக்கியோர் பின்னர் எமேஜிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி லாஜிக் மென்பொருளை வெளியிட்டனர். அமெரிக்காவில் ஆப்பிள் கணினிகளுக்கு பெர்ஃபார்மர் (1985), டாஸ் கணினிகளுக்கு கேக்வாக் (1987) ஆகியவை வந்தன.

இரண்டாவது, ஒலிநாடாப் பதிவுக் கருவியின் மரபு. இங்கு கணினி உண்மையான ஒலியையே வட்டில் பதிவு செய்தது. டிஜிடிசைன் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் டூல்ஸ் இரண்டு தடங்களையும், 1991இல் வெளியிட்ட புரோ டூல்ஸ் நான்கு தடங்களையும் கையாண்டன. தொடக்கத்தில் புரோ டூல்ஸே ஒரே நிரலாக இருக்கவில்லை. பதிவு செய்ய ஒரு நிரல், திருத்த மற்றொரு நிரல் என இரண்டைக் கொண்டிருந்தது.

இந்த வேறுபாட்டின் சுவடுகள் இன்றும் உள்ளன. சீக்குவென்சர் மரபில் வந்தவை இசையமைப்பதற்கு எளிதாகவும், பதிவு மரபில் வந்த புரோ டூல்ஸ் பாடகரையும் கருவிக் கலைஞரையும் பதிவு செய்து கலப்பதற்கு எளிதாகவும் கருதப்படுவதற்கு அவை பிறந்த விதமே முதற்காரணம்.

இரு மரபுகளும் இணைதல்

ஆப்கோட் நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஸ்டுடியோ விஷன், மிடி தடங்களையும் ஒலித் தடங்களையும் ஒரே திரையில் கொண்டு வந்தது. ஒலியைப் பதிவு செய்ய அது பயன்படுத்தியது டிஜிடிசைனின் வன்பொருளை. அதாவது, இரண்டு மரபுகளையும் இணைத்த முதல் மென்பொருளே இரு நிறுவனங்களின் ஆக்கங்கள் சேர்ந்து இயங்கியதால்தான் சாத்தியமாயிற்று. விரைவில் கியூபேஸும் லாஜிக்கும் இதே வழியில் ஒலிப்பதிவு வசதியைச் சேர்த்தன.

அடுத்த பெரிய மாற்றம் 1996இல் நிகழ்ந்தது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் கியூபேஸின் புதிய பதிப்புடன் விஎஸ்டி என்ற தரநிலையை அறிமுகப்படுத்தியது. எதிரொலி, சமன்படுத்தி போன்ற ஒலி விளைவுகளைத் தனி நிரலாக எழுதி முதன்மை மென்பொருளுக்குள் சொருகிக் கொள்ள இது வழி செய்தது. இத்தகைய நிரல்களைச் சொருகுநிரல் அல்லது பிளக்-இன் என்பர். 1999இல் வந்த இரண்டாம் பதிப்பில் இசைக்கருவிகளையே சொருகுநிரலாகச் சேர்க்க முடிந்தது. இத்தரநிலையை ஸ்டைன்பெர்க் தன்னிடமே வைத்துக் கொள்ளாமல் பிறரும் பயன்படுத்தத் திறந்து விட்டதால், நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்களும் தனி நபர்களும் சொருகுநிரல்களை எழுதினர். போட்டி மென்பொருள்களும் அதை ஏற்றன.

எனினும் அனைவரும் ஒரே தரநிலையைப் பின்பற்றவில்லை. ஆப்பிள் ஆடியோ யூனிட்ஸ் என்ற வடிவத்தையும், புரோ டூல்ஸ் தனக்கென்று வேறு வடிவங்களையும் கொண்டுள்ளன. 2011 முதல் புரோ டூல்ஸ் பயன்படுத்துவது ஏஏஎக்ஸ் வடிவம். ஆகவே விலை கொடுத்து வாங்கிய ஒரு சொருகுநிரல் எந்தெந்த மென்பொருளில் இயங்கும் என்பதும் தேர்வைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாயிற்று.

ரீவயர்: இரு மென்பொருள்களுக்கு இடையே ஒரு பாலம்

சுவீடனின் ஸ்டாக்ஹோமில் இயங்கிய புரோப்பெல்லர்ஹெட் நிறுவனம், ஸ்டைன்பெர்க்குடன் சேர்ந்து 1998இல் ரீவயர் என்ற முறையை வெளியிட்டது. ஒரே கணினியில் இயங்கும் இரண்டு முழு மென்பொருள்களை இது இணைத்தது. ஒன்று தலைமை மென்பொருளாகவும் மற்றொன்று துணை மென்பொருளாகவும் இயங்கும். துணை மென்பொருளின் ஒலிகள் தனித்தனித் தடங்களாகத் தலைமை மென்பொருளின் மிக்சருக்குள் வந்து சேரும். ஒன்றில் இயக்கு பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒரே காலப்பிரமாணத்தில் ஓடும். இரண்டாம் பதிப்பில் 256 ஒலித் தடங்கள் வரை அனுப்ப முடிந்தது.

இதன் தேவையை ரீசன் மென்பொருளின் வரலாறு நன்கு காட்டுகிறது. புரோப்பெல்லர்ஹெட் 2000இல் வெளியிட்ட ரீசனில் சிந்தசைசர்கள், தாளக் கருவிகள், ஒலி விளைவுகள் எனப் பலவும் நிறைந்திருந்தன. ஆனால் ஒரு பாடகரின் குரலைப் பதிவு செய்யும் வசதி அதில் இல்லை. பிற நிறுவனங்களின் சொருகுநிரல்களையும் அது ஏற்கவில்லை. எனவே பின்னணி இசையை ரீசனில் அமைத்து, ரீவயர் வழியாகக் கியூபேஸ் போன்ற ஒன்றுக்கு அனுப்பி, அங்கே குரலைப் பதிவு செய்வது வழக்கமாயிற்று. 2011இல் ஆறாம் பதிப்பில் ஒலிப்பதிவும், 2017இல் விஎஸ்டி ஆதரவும் ரீசனுக்குள்ளேயே வந்தன. 2019இல் ரீசனின் கருவிகள் முழுவதும் ஒரு சொருகுநிரலாகப் பிற மென்பொருள்களுக்குள் இயங்கத் தொடங்கின. பாலத்தின் தேவை குறைந்ததால் 2020உடன் ரீவயர் கைவிடப்பட்டது.

ரீவயரை நம்பி உருவாக்கப்பட்ட பழைய பாடல் கோப்புகளின் நிலை இதனால் சிக்கலானது. அவற்றைத் திறக்க இரண்டு மென்பொருள்களின் பழைய பதிப்புகளும், அவை இயங்கும் பழைய கணினியும் தேவைப்பட்டன.

கைவிடப்பட்ட மென்பொருள்கள்

ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது அதை உருவாக்கிய நிறுவனத்தின் எதிர்காலத்தையும் சேர்த்து நம்புவதாகும். அந்த நம்பிக்கை பலமுறை பொய்த்துள்ளது.

ஸ்டுடியோ விஷனை உருவாக்கிய ஆப்கோட் நிறுவனத்தை 1998இல் கிதார் தயாரிப்பு நிறுவனமான கிப்சன் வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மென்பொருள் வளர்ச்சிப் பணி நின்று போனது.

2002ஆம் ஆண்டு ஜூலையில் எமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாளுடன் விண்டோஸ் கணினிகளுக்கான லாஜிக் நிறுத்தப்பட்டது. அதைப் பயன்படுத்தி வந்தோர் கணினியை மாற்ற வேண்டும் அல்லது மென்பொருளை மாற்ற வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

கேக்வாக் மென்பொருளின் வழிவந்த சோனார், 2016இல் வாழ்நாள் முழுவதும் இலவசப் புதுப்பித்தல் என்ற திட்டத்தை அறிவித்தது. அப்போது அந்நிறுவனமும் கிப்சனின் உடைமையாக இருந்தது. 2017 நவம்பரில் கேக்வாக் மென்பொருள்களின் உருவாக்கத்தை நிறுத்துவதாகக் கிப்சன் அறிவித்தது. 2018இல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கி இலவசமாக வெளியிட்டதால் அம்மென்பொருள் மீண்டது. பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனம் எஃப்எல் ஸ்டுடியோவுக்கு அளித்த இதே போன்ற வாக்குறுதி தொடர்ந்து காக்கப்பட்டு வருகிறது. வாக்குறுதி ஒன்றே என்றாலும் அதன் ஆயுள் நிறுவனத்தைப் பொறுத்தே அமைந்தது.

இயங்குதள மாற்றங்களும் இதே விளைவை ஏற்படுத்தின. 2013இல் வந்த லாஜிக் புரோ எக்ஸ், 32 பிட் சொருகுநிரல்களை ஏற்கவில்லை. 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் நிரல்களையே இயக்கவில்லை. பழைய பாடல்களில் இருந்த பல கருவிகள் இதனால் ஒலிக்காமல் போயின.

பொதுக் கோப்பு வடிவங்கள்

ஒவ்வொரு மென்பொருளும் தன் திட்டக் கோப்பைத் தனக்கே உரிய வடிவத்தில் சேமிக்கிறது. அதை மற்றொன்றில் அப்படியே திறக்க இயலாது. இதைக் கடக்கப் பல பொது வடிவங்கள் உருவாயின.

1988இல் ஏற்கப்பட்ட பொது மிடிக் கோப்பு வடிவம், சுரங்களையும் காலப்பிரமாணத்தையும் எந்த மென்பொருளுக்கும் எடுத்துச் செல்கிறது. அதன் அடிப்படை, பின்னாளில் மறைந்த ஆப்கோட் நிறுவனத்தில் உருவானது. ஒலியைப் பொறுத்தவரை, 1991இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் வெளியிட்ட வேவ் வடிவம் இன்றும் அனைத்து மென்பொருள்களாலும் படிக்கப்படுகிறது. திரைப்படத் துறையில் தடங்களின் அடுக்கையும் வெட்டுகளையும் மாற்றிக் கொடுக்க ஓஎம்எஃப், ஏஏஎஃப் ஆகிய வடிவங்கள் பயன்படுகின்றன. 2023இல் பிட்விக், பிரிசோனஸ் நிறுவனங்கள் டா-புராஜெக்ட் என்ற திறந்த வடிவத்தை வெளியிட்டன. 2024இல் கியூபேஸும் அதை ஏற்றது.

இன்றைய நிலை

தொடக்கத்தில் இருந்த வேறுபாடுகள் பெருமளவு குறைந்துவிட்டன. பெர்லினில் உருவாகி 2001இல் வந்த ஏபிள்டன் லைவ், மேடையில் ஒலித்துண்டுகளை உடனுக்குடன் இயக்குவதற்கென வடிவமைக்கப்பட்டது. 2004இல் நான்காம் பதிப்பில்தான் அதற்கு மிடி வந்தது. 1997இல் தாளக்கட்டுகளை அமைக்கும் சிறு நிரலாகத் தொடங்கிய ஃபுரூட்டிலூப்ஸ், எஃப்எல் ஸ்டுடியோ என்ற முழு மென்பொருளாக வளர்ந்தது. இன்று ஏறக்குறைய எல்லா மென்பொருள்களிலும் எல்லா வேலைகளையும் செய்ய முடியும்.

ஆகவே தேர்வு இப்போது சில நடைமுறைக் காரணங்களைப் பொறுத்தது. லாஜிக் ஆப்பிள் கணினிகளில் மட்டுமே இயங்கும். லினக்ஸ் பயன்படுத்துவோருக்குக் கட்டற்ற மென்பொருளான ஆர்டரும், குறைந்த விலையில் கிடைக்கும் ரீப்பரும் உள்ளன. பிற ஒலிப்பதிவுக் கூடங்களோடு கோப்புகளைப் பரிமாறுவோர், அங்கே வழக்கில் உள்ள மென்பொருளையே நாடுகின்றனர். இசையை ஒன்றில் அமைத்து, தடங்களை வேவ் கோப்புகளாக்கி, மற்றொன்றில் கலப்பதே இன்று இணைப்பின் பரவலான முறை. இரு கணினிகளில் வாசிப்போர் காலப்பிரமாணத்தை ஒன்றாக வைத்துக் கொள்ள, 2016இல் வந்த ஏபிள்டன் லிங்க் வலையமைப்பு வழியாக உதவுகிறது.

பாதுகாத்தல்

மென்பொருள் மறைந்தாலும் பாடல் பிழைக்க வேண்டுமானால் அது ஒரே நிரலின் திட்டக் கோப்புக்குள் மட்டும் இருக்கக் கூடாது. கிராமி விருதுகளை வழங்கும் ரெக்கார்டிங் அகாடமி, இசைப்பதிவுகளை ஒப்படைப்பதற்கான பரிந்துரைகளில் ஒவ்வொரு தடத்தையும் பொது ஒலிக் கோப்பாகச் சேமிக்கச் சொல்கிறது. எல்லாத் தடங்களும் பாடலின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது எந்த மென்பொருளில் அடுக்கினாலும் அவை ஒன்றோடொன்று பொருந்தும். அவற்றுடன் மிடிக் கோப்பு, காலப்பிரமாணம், பயன்படுத்திய சொருகுநிரல்களின் பெயர்கள் ஆகியவற்றையும் குறித்து வைத்தால் பாடலை மீண்டும் கட்டியெழுப்ப இயலும்.

ஸ்டுடியோ விஷனின் திட்டக் கோப்பை இன்றைய கணினியில் நேரடியாகத் திறக்க முடியாது. ஆனால் அதே மென்பொருளிலிருந்து அக்காலத்தில் ஒருவர் பொது மிடிக் கோப்பாக எடுத்து வைத்திருந்தால், அதை இன்று எந்த மென்பொருளிலும் திறந்து வாசிக்கலாம்.